ஒரே மதில், இரண்டு வாசல்: எய்டட்டா, மெட்ரிக்கா?

எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளிகள். இரண்டையும் நடத்துவது ஒரே சபையைச் சேர்ந்த கன்னியர்கள். ரோட்டுப் பக்கம் திறப்பது அரசு உதவி பெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி. கோயில் பக்கம் திறப்பது மெட்ரிக். என் மகள் தமிழ்வழியில் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஆறாம் வகுப்புக்கு எந்த வாசல் என்ற வழக்கு எங்கள் வீட்டில் தை மாதமே தொடங்கிவிட்டது. அம்மா எய்டட் கட்சி, மனைவி மெட்ரிக் கட்சி. இரண்டு அலுவலகத்துக்கும் நடந்து செருப்பு தேய்ந்தவன் நான்.

முதலில் ஒரு பழைய நினைப்பை ஒதுக்கிவிடலாம். ‘மெட்ரிக் பாடம் உயர்ந்தது’ என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தனி மெட்ரிக் பாடத்திட்டம் இருந்த காலத்தில் அது வாதத்துக்குரியது. சமச்சீர் கல்வி 2010-11இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளிலும் அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளிலும் பத்தாம் வகுப்பு வரை வந்துவிட்டது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் படிப்பது ஒரே பாடத்திட்டம், எழுதுவது ஒரே பொதுத்தேர்வு. மொழிதான் வேறு. ஆகவே கட்டணம் கட்டுகிறவர் ஆங்கிலத்துக்கும் கவனிப்புக்கும் கட்டுகிறார், பாடத்துக்கு அல்ல.

அந்தக் கவனிப்பு உண்மையில் கிடைக்கிறதா? மெட்ரிக்கில் வகுப்புக்கு 35 பேருக்குள் வைத்திருக்கிறார்கள். தினமும் டைரி, வாரத் தேர்வு, மதிப்பெண் குறைந்தால் அன்று மாலையே கைப்பேசியில் செய்தி. என் மனைவிக்குப் பிடித்தது இதுதான். எய்டட்டில் ஏழாம் வகுப்பு ஒரு பிரிவில் 52 பேர் இருந்ததை என் கண்ணால் எண்ணினேன். ஆனால் அங்கே கணக்கு எடுக்கும் டீச்சர் 19 ஆண்டுகளாக அதே பள்ளியில் இருக்கிறார். எந்தப் பிள்ளை பின்னத்தில் தடுக்கி விழும் என்று அவருக்குப் பெயர் பார்க்காமலே தெரியும். மெட்ரிக்கில் போன வருடம் மட்டும் அறிவியலுக்கு மூன்று ஆசிரியைகள் மாறினார்கள். சம்பளக் கணக்கைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. எய்டட்டில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு அரசு ஊதியம் தருகிறது. மெட்ரிக்கில் கட்டண வசூலுக்குள்தான் சம்பளம். நல்ல வேலை கிடைத்தவுடன் ஆசிரியர் கிளம்பிவிடுகிறார். எய்டட்டிலும் குறை உண்டு. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரம்பி ஒப்புதல் வரக் காலம் பிடிக்கிறது. அதுவரை நிர்வாகமே சிறு தொகை கொடுத்து யாரையாவது வைத்து ஓட்டுகிறது.

காலை வழிபாடு இரண்டிலும் உண்டு. எய்டட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், செய்தி, பிறகு செபம். மெட்ரிக்கில் அதே செபம் ஆங்கிலத்தில். முதல் வெள்ளிக்கிழமை கத்தோலிக்கப் பிள்ளைகள் திருப்பலிக்குப் போவார்கள். அவர்களுக்கு மறைக்கல்வி நடக்கும் பீரியடில் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. ‘மதம் மாற்றிவிடுவார்களோ’ என்று என் சித்தப்பா கேட்டார். பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுவரையோ சிறுமியையோ மதபோதனையில் பங்கேற்க வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) பிரிவு சொல்கிறது. அது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும், உதவி பெறும் பள்ளிக்கும் பொருந்தும். சித்தப்பாவும் இதே வளாகத்தில் படித்தவர்தான், இன்றுவரை தவறாமல் சபரிமலைக்குப் போகிறார்.

சோறு, சீருடை, பணம் என்று வந்தால் தராசு ஒரே பக்கம் சாய்கிறது. எய்டட்டில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு, அதில் முட்டை. பாடநூல் இலவசம். சத்துணவில் சேர்ந்த எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நான்கு செட் சீருடை. பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மெட்ரிக் பிள்ளை அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

ஆறாம் வகுப்பு என்பதே கணக்கில் முக்கியம் என்பது எனக்கு இந்த அலைச்சலில்தான் உறைத்தது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். தொடக்கத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்ததை 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். ஆனால் தமிழ்வழியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருக்க வேண்டும். இடையில் ஒரு வருடம் மெட்ரிக் பக்கம் போய்த் திரும்பினாலும் தொடர்ச்சி அறுந்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எய்டட் பள்ளிக்குள்ளேயே சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு ஒன்று நடக்கிறது. வாசல் ஒன்று, சீருடை ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று. பெற்றோர் பலர் ‘எய்டட்டில்தான் சேர்த்திருக்கிறோம்’ என்று நிம்மதியாக இருக்கிறார்கள். உதவியெல்லாம் வராது என்பது கட்டண ரசீதைப் பார்த்த பிறகுதான் தெரிகிறது. சேர்க்கை நாளில் ‘இந்தப் பிரிவு உதவி பெறும் பிரிவா, சுயநிதியா’ என்று எழுத்தர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுங்கள். இரு பக்கமும் வாங்கிக்கொள்ளும் இந்த நடுவழி எனக்குப் பிடிக்கவே இல்லை.

எய்டட் கட்சிக்காரர்களும் ஒன்றை மறைக்கக் கூடாது. மருத்துவப் படிப்பில் 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும்தான். ‘அரசு உதவி’ என்ற சொல்லை நம்பி அம்மா அதையும் தன் பட்டியலில் சேர்த்திருந்தார். அடித்துவிட்டேன். தமிழ்வழிக்கு அரசுப் பணியில் உள்ள 20 சதவீத முன்னுரிமையை மட்டும் விட்டுவைத்தேன்.

அலுவலக வேலையில் மெட்ரிக் வேகம். போனஃபைடு சான்றிதழ் கேட்ட அன்றே கிடைத்தது. எய்டட்டில் எழுத்தர் ஒருவரே. எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றமும் அவர்தான், உதவித்தொகைப் படிவமும் அவர்தான். மூன்று நாள் அலைய வைத்தார், கடைசியில் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். விளையாட்டு இருவருக்கும் ஒரே மைதானம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளை மனம் கலங்கினால் யாரிடம் போகும் என்பதைத்தான் நான் கடைசியாகக் கேட்டேன். மெட்ரிக்கில் மாதம் இருமுறை ஆலோசகர் வருகிறார், முன்பதிவு செய்ய வேண்டும். எய்டட்டில் அப்படி ஒருவர் இல்லை. சுவரில் 14417 என்ற உதவி எண் ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே, மதிய இடைவேளையில், ஓய்வு பெற்ற ஒரு வயதான சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறார். நான் நின்ற பத்து நிமிடத்தில் நான்கு பெண்கள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எதையோ சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். முன்பதிவு எதுவும் இல்லை.

மனைவிக்கு ஆங்கிலம் பற்றிய கவலை தீரவில்லை, அது நியாயமான கவலை. மெட்ரிக் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையில் சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்கு ஏற்பாடு செய்வது என்ற நிபந்தனையோடு, எய்டட் தமிழ்வழி விண்ணப்பத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள்.