லானோ பக்கம் சிவப்பு கேட், 640 ஏக்கர், மான் லீஸ் என்று யாராவது சொன்னால் பணம் அனுப்பாதீர்கள்

மான் வேட்டைக்கு நிலம் குத்தகைக்கு என்ற அந்த விளம்பரம் போன வாரம் மறுபடி வந்திருக்கிறது. டெக்சாஸ், லானோ கவுண்டி, 640 ஏக்கர், நான்கு பேருக்கு மட்டும், ஆளுக்கு 1,500 டாலர். தண்ணீர்த் தொட்டி உண்டு, மானுக்குச் சோளம் வீசும் ஃபீடர் உண்டு. ஆள் பெயர் வேறு, போன் நம்பர் வேறு. சிவப்பு கேட் மட்டும் அதே கேட். ஒரு வருடமாக வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்ததை அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்கள் அடிக்க வராதீர்கள். அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு மான் மேல் கை வைத்தால் ஜெயில். இங்கே லைசென்ஸ் எடுத்து, சீசனில், இத்தனைதான் என்ற கணக்குக்குள் சுடுவது சட்டப்படி சரி. எங்கே போய்ச் சுடுவது என்பதில்தான் சிக்கல். டெக்சாஸில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் நிலம். மேற்கே சில மாநிலங்களில் செய்வதுபோல வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பொது நிலத்தில் நடந்துவிட முடியாது. எங்கே பார்த்தாலும் வேலி. அதனால் ராஞ்ச்காரர்கள், அதாவது பெரிய மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள், வேட்டை உரிமையை மட்டும் வருடக் குத்தகைக்கு விடுகிறார்கள். அதைத்தான் இங்கே எல்லோரும் லீஸ் என்கிறார்கள். தன்னை மான் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் லானோவில் நல்ல லீஸ் கிடைப்பது, சென்னையில் நல்ல தண்ணீர் வரும் வாடகை வீடு கிடைப்பது மாதிரி. இருப்பவர் விடமாட்டார்.

நானும் ஆபீஸில் உடன் வேலை செய்யும் சேலத்து அண்ணனும் 2024 கோடையில் தேடத் தொடங்கினோம். ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. விசாரித்த இடங்களில் எதுவும் ஆளுக்கு 2,500-க்குக் கீழே இறங்கவில்லை. இது 1,500. போன் செய்தால் முதல் ரிங்கிலேயே எடுத்தார். தன்மையான பேச்சு. சனிக்கிழமை வாருங்கள், இடத்தைப் பாருங்கள், பிடித்தால் மட்டும் பணம் என்றார். ஏமாற்றுகிறவன் இடத்தைக் காட்டமாட்டான் என்பது அப்போது என் நினைப்பு.

காட்டினார். நன்றாகவே காட்டினார். கேட்டில் நம்பர் பூட்டு, அவர் விரல் பழகிய மாதிரி உருட்டித் திறந்தது. உள்ளே ஓக் மரங்களும் மெஸ்கீட்டும் சப்பாத்திக் கள்ளியுமாக, நம்ம ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலங்காட்டில் ஆங்காங்கே இளஞ்சிவப்புப் பாறைகளைக் கொட்டிவைத்த மாதிரி ஒரு நிலம். மான் கண்ணில் படாமல் ஒளிந்து உட்கார நான்கு பிளைண்ட், நான்கு ஃபீடர். இரண்டு பெட்டை மான்கள் எங்களைப் பார்த்துவிட்டு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. அண்ணன் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்தபோதே பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் நான்கு பக்கம். துப்பாக்கிப் பாதுகாப்பு, குப்பை போடக் கூடாது, விபத்துக்கு நிலத்துக்காரர் பொறுப்பல்ல, எல்லாம் இருந்தது. அண்ணன்தான் கேட்டார்: "தம்பி, இதுல ஓனர் பேரே இல்லையேப்பா?"

"மேனேஜ்மென்ட்னு போட்டிருக்கே அண்ணே. இங்க எல்லாம் அப்படித்தான்" என்றேன். இங்கே எப்படி என்று எனக்கு ஒன்றும் தெரியாது. ஓனருக்கு வயதாகிவிட்டது, வீட்டுப் பக்கம் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள், எதுவானாலும் என்னிடம் கேளுங்கள் என்று அந்த ஆள் சொன்னதை மரியாதை என்று எடுத்துக்கொண்டோம். செக் வேண்டாம், ஜெல்லில் (Zelle, போன் வழியாக பேங்கிலிருந்து பேங்குக்கு உடனே பணம் அனுப்பும் வசதி) அனுப்புங்கள் என்றார். ஆளுக்கு 1,500 அனுப்பினோம்.

செப்டம்பரில் ஃபீடரைச் சரிபார்க்கப் போனோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேயே எழுதி வைத்திருந்தது, படிக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் ஃபீடர் பீப்பாய்க்குள் ஒரு மணிச் சோளம் இல்லை. மூடியைத் திறந்தால் உட்புறம் கையகலக் குளவிக்கூடு. பேட்டரி உப்பிக் கிடந்தது. சோளத்தை வீசும் தட்டில் துரு. ஒரு சீசன் முழுக்க யாரும் தொடாத பொருள் அது. நாங்களோ புகை போட்டுக் குளவியை விரட்டி, புது பேட்டரி மாட்டி, 50 பவுண்டு மூட்டையாக நான்கு மூட்டை சோளம் கொட்டினோம். வேலை முடிந்ததும் ஃபீடரைப் படம் எடுத்து, பெருமையாக அந்த ஆளுக்கே அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

வெளியே வரும்போது கேட்டின் இரு பக்கமும் வேலிக் கம்பங்களில் ஊதா நிறத்தில் நெட்டுக்குத்தாகப் பட்டைப் பட்டையாகப் பெயிண்ட். ஜூலையில் இது இல்லையே என்று ஒரு நொடி தோன்றியது. சர்வேக்காரர்கள் போட்ட அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். டெக்சாஸில் 1997-லிருந்து ஊதாப் பெயிண்டுக்கு ஒரே அர்த்தம்தான்: அனுமதியில்லாமல் உள்ளே வராதே. குறைந்தது 8 அங்குல நீளம், ஓர் அங்குல அகலம், தரையிலிருந்து 3 அடிக்கும் 5 அடிக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று அளவு வரை சட்டத்தில் இருக்கிறது. போர்டு மாட்டியதற்குச் சமம். வேட்டைக்காரர்களுக்கான ஹன்டர் எஜுகேஷன் வகுப்பில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். (1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அந்த வகுப்பு கட்டாயம்.) பரீட்சையோடு மறந்துவிட்டது.

நவம்பர் 2, சீசன் தொடங்கும் சனிக்கிழமை. காலை 5:40-க்கு கேட்டுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் இரண்டு பிக்கப் வண்டிகள் ஹெட்லைட் போட்டபடி நின்றன. நம்பர் பூட்டு இல்லை. அதன் இடத்தில் கட்டைவிரல் கனத்துக்குப் புதுச் சங்கிலி, சாவிப் பூட்டு. முன்னால் நின்றவர் இறங்கி வந்து, இது தனியார் லீஸ், நீங்கள் யார் என்று அதட்டினார். நாங்களும் அதையே கேட்டோம். இதற்குள் பின்னால் இன்னும் மூன்று வண்டிகள். இருட்டு, 11 பேர், எல்லோர் வண்டியிலும் துப்பாக்கி, ஒவ்வொருவருக்கும் மற்ற பத்துப் பேரும் திருடர்கள். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அப்புறம் யாரோ ஒருவர் காகிதத்தை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் நீட்டினார். எல்லோரும் எடுத்தோம். அதே நான்கு பக்கம், அதே எழுத்துப் பிழை. எங்களுக்குத் தந்த 2-ஆம் நம்பர் பிளைண்ட் மூன்று காகிதங்களில் இருந்தது.

அந்த ஆளுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் போன் போட்டோம். ஒரே ஒரு மெசேஜ் வந்தது. ஓனர் தவறுதலாகப் பூட்டியிருப்பார், வேலியைத் தாண்டிப் போய்க்கொள்ளுங்கள். இரண்டு இளைஞர்கள் தாண்டவும் தயாரானார்கள். "யாரும் தாண்டாதீங்க" என்று அண்ணன் தமிழிலேயே கத்தினார். மொழி புரியாவிட்டாலும் நின்றுவிட்டார்கள்.

வெளிச்சம் வந்தபோது ராஞ்ச்காரர் சின்ன வண்டியில் வந்தார். கிழவர் இல்லை, ஐம்பது வயதுதான் இருக்கும். எங்களைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை. போன வருடம் வரை அந்த ஆளுக்கு லீஸ் கொடுத்திருந்தாராம், நான்கு பேருக்கு. ஒன்பது பேரைக் கூட்டி வந்ததால் வசந்த காலத்திலேயே முடித்துக்கொண்டாராம். பிளைண்டும் ஃபீடரும் அவனுடையவை, எடுத்துப் போகச் சொல்லியும் எடுக்கவில்லை. கோடையில் வண்டித் தடங்களைப் பார்த்த பிறகுதான் ஊதாப் பெயிண்ட். "உங்களுக்காகத்தான் அடித்தேன்" என்றார், என்னைப் பார்த்து. முதல் வேலையாகப் பூட்டு நம்பரை மாற்றியிருக்கலாமே என்று கேட்க நாக்கு வரை வந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

அவர் வரச்சொன்ன டெபுடி, அதாவது கவுண்டி போலீஸ்காரர், எல்லோர் காகிதத்தையும் படம் எடுத்துக்கொண்டு புகார் எழுதினார். தாண்டாமல் நின்றது நல்லதாயிற்று என்றார். நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் மான் சுட்டால் டெக்சாஸில் அது ஃபெலனி, அதாவது பெருங்குற்றம், வரை போகும். ஏமாந்தேன் என்று சொல்லி நிரூபிப்பதெல்லாம் அப்புறம், நீதிமன்றத்தில். அண்ணன் இருப்பது எச்1பி-யில். அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே ஃபெடரல் சட்டம் தடை போடுகிறது, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. அந்த நூலில் தொங்கிக்கொண்டு ரைஃபிள் வைத்திருக்கும் மனிதர் மீது துப்பாக்கியோடு அத்துமீறிய வழக்கு என்றால் என்ன ஆகும்? போகும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. 3,000 டாலர் எங்கள் இருவருக்குமே அப்போது ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்தது. பேங்கில் கேட்டால், நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். எஃப்பிஐ இணையக் குற்றப் புகார்களை வாங்கும் ஐசி3 தளத்திலும் புகார் பதிந்தோம். இன்று வரை ஒரு சென்ட் வரவில்லை.

அந்த சீசனின் மிச்சத்தைப் பொது நிலத்தில் கழித்தோம். 48 டாலர் கொடுத்து வருடப் பொது வேட்டை பெர்மிட் எடுத்தால் மாநிலம் முழுக்க அரசு திறந்துவிட்டிருக்கும் இடங்களுக்குப் போகலாம். சாம் ஹூஸ்டன் தேசியக் காடு மட்டும் சுமார் 1,63,000 ஏக்கர். சோளம் கொட்டக் கூடாது. ஆரஞ்சு உடுப்பு மொத்தம் 400 சதுர அங்குலம் இருக்க வேண்டும், அதில் நெஞ்சிலும் முதுகிலும் தலா 144, தலையிலும் ஏதாவது ஆரஞ்சில். மூன்று வாரம் போனோம். மானைவிட ஆரஞ்சு மனிதர்களைத்தான் அதிகம் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் பைன் மரத்தடியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடிக்கும்போது யாரும் வந்து நீ யார் என்று கேட்கவில்லை, அது போதும் என்றிருந்தது. குலுக்கல் முறை வேட்டைகளும் உண்டு, விண்ணப்பம் சில டாலர்கள்தான்.

தனியார் நிலம்தான் வேண்டும் என்றால், அந்தக் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் (சொத்து வரிக்கு நிலத்தை மதிப்பிடும் அலுவலகம்) தளத்துக்குப் போங்கள். வரைபடத்தில் நிலத்தைத் தொட்டால் யார் பெயரில் வரி போகிறது, எந்த முகவரிக்குக் கடிதம் போகிறது என்று இலவசமாகவே வரும். இரண்டு நிமிட வேலை. அன்றே பார்த்திருந்தால் ராஞ்ச்காரர் பெயர் கிடைத்திருக்கும், ஒரு கடிதமோ போனோ போட்டிருக்கலாம். நடுவில் ஒருவர் இருப்பது தப்பே இல்லை, பல லீஸ்களில் பழைய ஆள் ஒருவர்தான் ஆள் சேர்ப்பார். ஆனால் டெக்சாஸ் சட்டப்படி நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் குத்தகைதாரர் உள்குத்தகை விட முடியாது. அந்தச் சம்மதத்தை நிலத்துக்காரர் வாயிலிருந்தே கேளுங்கள். அவரிடம் பேசாதே என்று ஒருவர் சொன்னால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

இந்த வருடம் அப்படித்தான் ஆறு பேருக்குக் கையால் கடிதம் எழுதிப் போட்டேன். நான்கு பேர் பதிலே போடவில்லை, ஒருவர் மறுத்துவிட்டார். ஒரு பாட்டி மட்டும், மான் வேண்டாம், காட்டுப்பன்றி என் வயலைத் தோண்டித் தொலைக்கிறது, அதை வேண்டுமானால் வந்து சுடு என்று சொன்னார். செக்கில் எழுதுவதற்குப் பெயர் கேட்டேன். பணம் வேண்டாம், கேட்டை மறக்காமல் சாத்திவிட்டுப் போ என்றார்.

புது விளம்பரத்தில் மூன்று படங்கள் இருக்கின்றன. முதலாவது சிவப்பு கேட், இரண்டாவது தண்ணீர்த் தொட்டி. மூன்றாவதில் ஒரு ஃபீடர், பக்கத்தில் காலியான சோள மூட்டைகள், ஓரத்தில் நீல ஐஸ் பெட்டி. அந்த ஐஸ் பெட்டி சேலத்து அண்ணனுடையது. படம் எடுத்தது நான்.