முன்பணம் கொடுக்கும் முன் அலமாரியை நகர்த்திப் பாருங்கள்

நேற்று சாயங்காலம்தான் அந்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். நான்கு மாத வாடகைப் பணம் போச்சு. முன்பணம் இரண்டு மாதம், முதல் மாத வாடகை ஒன்று, தரகுக் கட்டணம் ஒன்று, ஆக மொத்தம் நான்கு. அந்த வீட்டில் நாங்கள் இருந்தது 38 நாள். பாப்பா தன் அறையில் படுத்தது 12 ராத்திரி. இன்னும் மூட்டையைக்கூடப் பிரிக்கவில்லை, ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் அதே வீடு அதே படங்களோடு இன்று காலை மறுபடியும் விளம்பரத்தில் வந்துவிட்டது. வீடு பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. வாடகை வீடு தேடித் தருகிற செயலிகளில் ஒன்று. வீட்டுப் படத்தின் மேல் பச்சை நிறத்தில் 'நேரில் சரிபார்க்கப்பட்டது' என்று ஒரு முத்திரை போடுவார்கள். அந்த முத்திரை உள்ள வீட்டுக்குத் தரகும் கூடுதல். எங்களுக்கு நான்கு வயதுப் பெண் குழந்தை, அவளுக்குச் சளி பிடித்தால் இழுப்பு வந்துவிடும், அதனால் கூடுதல் கொடுத்தாலும் பரவாயில்லை, யாரோ ஒருவர் நேரில் பார்த்துச் சோதித்த வீடாக இருக்கட்டும் என்றுதான் அதைத் தேர்ந்தெடுத்தோம். காற்றோட்டம் வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதியும் கொடுத்தேன்.

வீட்டைக் காட்ட ஒரு பையன் வந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். லிஃப்ட் ஓடவில்லை, மூன்றாவது மாடி, பாப்பா ஏற மாட்டேன் என்று அடம்பிடித்ததும் அவனே தூக்கிக்கொண்டு படியேறினான். அந்த ஒரு காரியத்திலேயே எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்துவிட்டது, இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. கதவைத் திறந்ததும் புதுப் பெயின்ட் வாசனை. சின்ன அறையில் நீலத் திரை போட்டிருந்தது, திரைக்குப் பின்னால் வெளிச்சம். பெரிய அறையில் ஒரு சுவர் முழுக்க மர அலமாரி. “ஈரம் கீரம் இருக்காப்பா, குழந்தைக்கு ஆகாது” என்று கேட்டேன். சுவர் பக்கம் கையைக் காட்டி, “தொட்டுப் பாருங்கக்கா, எப்படிக் காய்ஞ்சு கெடக்கு பாருங்க, என் தங்கச்சி குடும்பமே இதே கட்டடத்துலதான் இருந்துச்சு” என்றான். தொட்டேன். காய்ந்துதான் இருந்தது, அவன் காட்டிய இடத்தில்.

அதன்பிறகு நான் செல்போனை எடுத்து ஒவ்வொரு அறையாக வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். அவன் முகம் கொஞ்சம் வாடின மாதிரி இருந்தது. “வீடியோ எல்லாம் எதுக்குக்கா, ஏதாச்சும் ஒண்ணுன்னா நான் இருக்கேன்ல, ஒரு போன் போடுங்க, ஓடி வந்துடறேன்.” குழந்தையைத் தூக்கி வந்த பையனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சமாகிப் போய் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். இன்னொரு குடும்பம் மாலை ஆறு மணிக்கு வருவதாகவும் சொன்னான். ஐந்தரைக்குள் நான்கு மாத வாடகையையும் செயலி வழியாகவே கட்டினோம். ஒப்பந்தத்தில் 'வீட்டை உள்ளது உள்ளபடி பார்த்து ஏற்றுக்கொண்டேன்' என்று ஒரு வரி இருந்தது, எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறதுதானே என்று என் கணவர் கையெழுத்துப் போட்டார்.

குடிவந்த அன்று ராத்திரி காற்று வரட்டும் என்று நீலத் திரையை விலக்கினால், அங்கே ஜன்னலே கிடையாது. திறக்க முடியாத ஒரு கண்ணாடியைச் சுவரில் பதித்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் மாடிப்படி. நாங்கள் பார்த்த வெளிச்சம் படிக்கட்டு விளக்கு. சரி, கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று சமாளித்தோம். பன்னிரண்டாவது நாள் அதே அறையில் கட்டிலுக்கு மேலே பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றைக் குத்தினேன், பழுப்புத் தண்ணீர் வழிந்தது. பெரிய அறை அலமாரியை இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தோம். பின்னால் தரையிலிருந்து என் இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்கக் கருப்புப் பூஞ்சை, அதன் மேலேயே வெள்ளை அடித்து, அடித்த வெள்ளையையும் தின்றுகொண்டு அது வெளியே வந்திருந்தது. அதற்கு முந்தின மூன்று ராத்திரியாகப் பாப்பா இருமிக்கொண்டிருந்தாள், நான் சளி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவளை ஹாலுக்கு மாற்றிவிட்டோம்.

தெரிந்த கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் அலுமினியத் தாளைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு, சுவரில் கொஞ்சம் காய்ந்த இடமாகப் பார்த்து ஒட்டிவிட்டு இரண்டு நாள் கழித்து வந்தார். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம், சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்தே வருகிற ஈரம், அவ்வளவுதான் கணக்கு. சுவர்ப் பக்கம் சொட்டச் சொட்ட இருந்தது. மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிகிறது, அதை உடைத்துச் சரிசெய்யாமல் நூறு தடவை பெயின்ட் அடித்தாலும் நிற்காது என்று சொல்லிவிட்டார்.

அதோடும் முடியவில்லை. துணி துவைக்கும் இயந்திரத்தைத் தொட்டால் விர்ரென்று இருந்ததால் எலக்ட்ரீஷியனை அழைத்தோம். சமையலறை பிளக்கைக் கழற்றிக் காட்டினார், மூன்று ஓட்டை இருக்கிறது, மூன்றாவதுக்குப் பின்னால் வயரே இல்லை. எர்த், அதாவது கசிகிற மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகிற வயர், இருக்கிற மாதிரி வெறும் முகம் மட்டும் வைத்திருக்கிறார்கள். மின்சாரம் கசிந்தால் தானாக அணைக்கிற சுவிட்ச் ஒன்று பெட்டியில் இருந்தது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டியது. அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினார், அது அசையவே இல்லை. ஈரச் சுவர், எர்த் இல்லாத பிளக், வேலை செய்யாத சுவிட்ச், இதற்கு நடுவில் நான்கு வயதுக் குழந்தை. 'நேரில் சரிபார்க்கப்பட்டது.'

இனி தட்டிக்கழித்த கதை. அந்தப் பையனுக்கு முதல் நாள் ஆறு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. மறுநாள் ஒரு குரல் செய்தி: “அக்கா, நான் இப்ப வேற ஏரியா பாக்கறேன், ஆபீஸ் நம்பர்ல சொல்லுங்க.” ஓடி வருகிறேன் என்றவன். ஆபீஸ் எண்ணில் ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினார், புகார் எண் கொடுத்தார், 72 மணி நேரம் பொறுங்கள் என்றார். 72 மணி நேரம் கழித்து 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது' என்று செய்தி வந்தது. என்ன தீர்த்தீர்கள் என்று கேட்டால், நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டும்தான் மேடம், வீட்டின் நிலைக்கு உரிமையாளர்தான் பொறுப்பு என்கிறார். அப்படியானால் அந்தப் பச்சை முத்திரை எதற்கு என்று கேட்டேன். உரிமையாளரின் அடையாள ஆவணம் சரியா என்று பார்த்ததற்காம்! வீட்டுக்குள் ஒருவரும் கால் வைத்ததில்லை. இதே புகாரை நான்கு தடவை பதிந்தேன், நான்கு தடவையும் மூடினார்கள்.

உரிமையாளர் இன்னும் மேல். முதலில் “வீட்டுக்குள்ள துணி காயப் போடறீங்களாம்மா? அதான் பூஞ்சை வருது” என்றார். நாங்கள் துணி காயப்போடுவது மொட்டை மாடியில். அடுத்த தடவை ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். சின்ன அறையில் ஜன்னலே இல்லையே சார் என்றேன். “பாத்துத்தானே வந்தீங்க?” அலுமினியத் தாள் படத்தையும் கொத்தனார் சொன்னதையும் அனுப்பினால் இரண்டு நீலக் குறி மட்டும் வந்தது, பதில் இல்லை. கடைசியாக, பிடிக்கவில்லை என்றால் காலி செய்யுங்கள், ஆறு மாதத்துக்கு முன்னால் போனால் முன்பணம் திரும்பாது, ஒப்பந்தத்தைப் படியுங்கள் என்று சொல்லிவிட்டார். அதாவது, இருந்தால் குழந்தைக்கு இழுப்பு, போனால் பணம் போகும்.

காலி செய்கிற அன்று கீழ்வீட்டு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், “சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேம்மா, மூணு வருஷத்துல நீங்க நாலாவது குடும்பம். ஆள் மாறும்போதெல்லாம் பெயின்ட் அடிப்பாங்க.” எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. நாலு குடும்பத்து முன்பணம். அதில் ஒரு பங்குகூட ஆகாது அந்தக் குழாயை மாற்ற.

ஒரு மாதத்துக்கு மேல் இருந்தீர்களே, அந்த வாடகையைச் சேர்த்து நான்கு மாதம் என்று சொல்லலாமா என்று யாராவது கேட்பீர்கள். சொல்வேன். இரண்டு அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு மூன்று பேரும் ஹாலில் படுத்திருந்தோம். 38-ல் 30 போக மிச்சம் எட்டு நாளுக்கு உரிமையாளர் தனியாக வேறு வாங்கிக்கொண்டார்.

இந்த நாட்களில் பாப்பா தூங்கினதும் உட்கார்ந்து நிறையப் படித்தேன், படிக்கப் படிக்கக் கோபம்தான் கூடியது. ஏதோ நான் சொகுசு கேட்கிற மாதிரி பேசினார்களே, ஐக்கிய நாடுகள் குழு 1991-லேயே எழுதி வைத்திருக்கிறது, தகுந்த வீடு என்றால் அது உள்ளே இருப்பவரைக் குளிர், ஈரம், வெப்பம், மழை, காற்று, நோய் பரப்பும் உயிர்கள் இவற்றிலிருந்து காக்க வேண்டும் என்று. ஈரமும் பூஞ்சையும் இருந்தால் மூச்சு நோய்களும் ஆஸ்துமாவும் வருகிற ஆபத்து கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தனி வழிகாட்டி நூலே போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 2018-ல் வந்த சட்டப்படி வாடகை வீடு குடிபுகும்போதும் இருக்கும் காலம் முழுக்கவும் மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும், ஈரம், காற்றோட்டம், இயற்கை வெளிச்சம், குடிநீர், கழிவுநீர் எல்லாம் அதில் சேர்த்தி, அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தட்டிவிடவும் முடியாது. எங்கள் 'உள்ளது உள்ளபடி' வரியை நினைத்துக்கொண்டேன். அதே நாட்டில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வாடகை வீட்டுப் பூஞ்சையைத் தொடர்ந்து சுவாசித்ததால் இறந்துபோனான். அவன் பெற்றோரும் புகார் சொல்லியிருக்கிறார்கள், அவர்களிடமும் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் பெயரில் ஒரு சட்டமே பிறகு வந்தது. அதைப் படித்த ராத்திரிதான், பணம் போனால் போகட்டும், வீட்டை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், பாப்பா எழுந்துவிட்டாள், அதனால் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். புதுப் பெயின்ட் வாசனை வந்தால் சந்தோஷப்படாதீர்கள், எதற்கு அடித்தார்கள் என்று கேளுங்கள். சுவரோடு ஒட்டின அலமாரியை நகர்த்திப் பாருங்கள், நகர்த்த விடவில்லை என்றால் அந்த வீடே வேண்டாம். ஒவ்வொரு திரையையும் விலக்கி ஒவ்வொரு ஜன்னலையும் உங்கள் கையால் திறந்து மூடுங்கள். பிளக்கில் செருகிப் பார்க்கிற சின்ன சோதனைக் கருவி கடையில் கிடைக்கிறது, எர்த் இருக்கிறதா என்று ஒரு நொடியில் காட்டிவிடும். வீடியோ எடுங்கள், யார் முகம் வாடினாலும் எடுங்கள். தரகரை விட்டுவிட்டுக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, இதற்கு முன் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள், நான் அதை மட்டும் செய்திருந்தால் நான்கு மாத வாடகை என் கையில் இருந்திருக்கும். 'உள்ளது உள்ளபடி' வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீடு தேடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அந்த விளம்பரத்தில் மூன்றாவது படம் சின்ன அறை, நீலத் திரை, பின்னால் வெளிச்சம். அது வெயில் இல்லை, படிக்கட்டு விளக்கு.