கைப்பிரதியா, கன்வென்ஷனா, அடுத்த வீட்டுத் திண்ணையா?

இருபத்திரண்டு வருடங்கள் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன். காணிக்கை, திருவிருந்து, ஸ்தோத்திரப் பண்டிகை, பெண்கள் ஐக்கியத்தின் புதன்கிழமை ஜெபம் என்று எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் அந்த இருபத்திரண்டு வருடங்களில் சபைக்கு வெளியே ஒருவரிடமும் இயேசுவைப் பற்றி வாய் திறந்து பேசியதில்லை. தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைப் பக்கம் வாழும் எங்களைப் போன்ற தமிழ்க் கிறிஸ்தவர்களில் பலருக்கு இதுதான் நிலைமை. பாட்டனும் பூட்டனும் கொடுத்துவிட்டுப் போன விசுவாசத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை.

இனிப் பேச வேண்டும் என்று தீர்மானிப்பவருக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. நான்கு வருடங்களாக நான் அவற்றில் நடந்து பார்த்திருக்கிறேன். எடைபோட எனக்கு இரண்டு கேள்விகள் போதும். கேட்கிறவர் என்னைத் திருப்பிக் கேட்க முடியுமா? "வேண்டாம்" என்று சொன்ன பிறகும் மறுநாள் என்னோடு சகஜமாகப் பழக முடியுமா?

முதலில் கைப்பிரதி, அதாவது நற்செய்தியை அச்சடித்த சிறு தாள். களியக்காவிளை பஸ் நிலையத்தில், திருவனந்தபுரம் பஸ்ஸுக்கும் நாகர்கோவில் பஸ்ஸுக்கும் காத்து நிற்பவர்களிடம் நாங்கள் ஐந்து பெண்கள் கொடுத்தோம். தயக்கத்தை உடைக்க அது உதவுகிறது, மறுக்கமாட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் முன் கை நீட்டி நின்ற அந்த முதல் நாளில் என் பயம் பாதி கரைந்தது. ஆனால் எல்லைப் பகுதியில் கைப்பிரதிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே வீட்டில் தமிழ் பேசுகிற பலர் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். தமிழ்த் தாளைக் கொடுத்தால் எழுத்து தெரியாது. மலையாளத் தாளைக் கொடுத்தால் எழுத்து தெரியும், ஆனால் அவர்கள் அழுகிற மொழி அது அல்ல. அச்சடித்த தாள் ஆளைப் பார்த்து மொழி மாற்றிக்கொள்ளாது. ஒரு மூதாட்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது மகளே?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்குவதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. நான் கொடுத்த அத்தனை தாள்களிலும் அந்த ஒரு கேள்விதான் என் மனதில் நிற்கிறது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

அடுத்தது கன்வென்ஷன் என்னும் பெரிய நற்செய்திக் கூட்டம். பம்பையாற்று மணற்பரப்பில் 1895 முதல் நடந்துவரும் மாராமண் கன்வென்ஷனுக்கு எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் போவதுண்டு. சிறிய அளவில் ஒவ்வொரு சபையும் பந்தல் போட்டுக் கூட்டம் நடத்துகிறது. அங்கே பாடலும் செய்தியும் உள்ளத்தைத் தொடும். சோர்ந்திருந்த விசுவாசி எழுந்து நிற்பான். ஆனால் பந்தலுக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே நம்புகிறவர்கள். வெளியே இருப்பவருக்குப் போய்ச் சேருவது ஒலிபெருக்கியின் சத்தம் மட்டும்தான். இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே 1982-ல் மூண்ட மண்டைக்காடு கலவரத்தின் வடு இன்னும் ஆறாத கன்னியாகுமரி மாவட்டம் பக்கத்தில் இருக்கிறது. அயலார் தூங்கும் நேரத்தில் அவர்கள் வீட்டுக்குள் நுழையும் சத்தத்தை நற்செய்தி என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்களா? நான் கன்வென்ஷனுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், திரும்பி வரும் வழியில் அவரோடு பேசினால்தான் அதை என் கணக்கில் சேர்க்கிறேன்.

வாட்ஸ்அப்பில் தினமும் வசனம் அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் செய்தேன். கைகூப்பும் படங்கள் திரும்பி வந்தன, அவ்வளவுதான்.

மிஷனரி காணிக்கையைப் பற்றி மரியாதையோடு பேச வேண்டும். சோற்றுக்கு உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்த பெண்களால் வளர்ந்தது நம் ஊழியம். 1903-ல் திருநெல்வேலித் தமிழர்கள் தங்கள் காசில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தங்கள் ஆட்களையே அனுப்பினார்கள். ஆகவே இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் என் விஷயத்தில், தூரத்தில் இருக்கும் ஒருவருக்காகக் கொடுத்த பணம் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசாமலிருக்க எனக்கு அனுமதிச் சீட்டாக மாறிவிட்டது. அரிசியும் வேண்டும், வாயும் வேண்டும்.

இனி எல்லாவற்றிலும் வலிமையான எதிர்வாதம். "பேச்சு எதற்கு? வாழ்க்கையே சாட்சியாக இருக்கட்டும்" என்பார்கள். எங்கள் சபையில் நல்லவர்கள், மெய்யாகவே நல்லவர்கள், சொல்வது இதைத்தான். அதற்கு வரலாற்றின் பலமும் உண்டு. 1838-ல் மிஷனரிகள் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணி எத்தனை தலைமுறைகளின் நோயைத் தீர்த்திருக்கிறது! நானும் பல வருடங்கள் இந்த வாதத்தின் நிழலில்தான் இருந்தேன்.

என் அடுத்த வீட்டுக்காரியின் கணவருக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. விடிவதற்குள் அவர் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விடுவார். பால் உறைந்ததும் ரோலரில் ஷீட் அடிப்பது அவள். நாங்கள் பன்னிரண்டு வருடப் பழக்கம். குழம்பு கைமாறும், பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் சாப்பிடுவார்கள். என் தம்பி விபத்தில் இறந்த மறு வருடம் ஒருநாள் கேட்டாள்: "அக்கா, இவ்வளவு பெரிய துக்கத்தை எப்படித் தாங்கினீர்கள்? உங்களுக்கு எவ்வளவு திடமான மனது!"

"பழகிவிட்டது" என்றேன்.

அது பொய். என் மனது திடமானது அல்ல. அந்த வருடத்தில் எத்தனை இரவுகள் வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பேச்சு வராமல், கர்த்தரே என்று மட்டும் சொல்லிக்கொண்டு கிடந்தேன் என்பது எனக்குத் தெரியும். தாங்கியவர் அவர். புகழ் எனக்கு வந்தது, நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். பேசாத சாட்சியின் குறை எனக்கு அன்றுதான் விளங்கியது. நம்முடைய நன்மையைப் பார்க்கிறவர் நம்மைத்தான் மெச்சுவார். நாம் வாய் திறந்து சொல்லாவிட்டால் அந்த நன்மை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டு வாரம் எனக்கு நிம்மதி இல்லை. பிறகு அவள் ஷீட் அடித்துக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்து, "அன்று நான் சொன்னது உண்மையில்லை" என்று தொடங்கினேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். பிரசங்கம் இல்லை, வசனம்கூட ஒன்றுதான். என் தம்பி, அந்த இரவுகள், நான் யாரைக் கூப்பிட்டேன், என்ன கிடைத்தது என்று சொன்னேன். அவள் ரோலரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்படியானால் உங்கள் தம்பியை அவர் ஏன் காப்பாற்றவில்லை?"

பஸ் நிலையத்திலும் பந்தலிலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்ததில்லை. "எனக்குத் தெரியவில்லை, நானும் அவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த வழி புதியது அல்ல, நம் மண்ணின் பழைய வழி. தென் திருவிதாங்கூருக்கு 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தார் என்று படித்திருக்கிறோம். அவருக்கு முன்பே மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சாவூரில் நற்செய்தியைக் கேட்டு, வேதமாணிக்கம் என்று ஞானஸ்நானம் பெற்று ஊர் திரும்பி, முதலில் தன் உறவினர்களிடம்தான் சொன்னார். ரிங்கல்தௌபே வந்தது அவர் அழைத்ததால். தோர்ணக்கல்லின் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் புதிதாக ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவரையும் அவரவர் தலைமேல் தாமே கைவைத்து, "சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து மக்கள் அவர்கள். கைப்பிரதியைப் படிக்க முடியாதவர்கள், தங்கள் கதையைச் சொல்ல முடிந்தவர்கள்.

ஆபத்தும் இதில்தான் அதிகம், ஏனென்றால் இங்கே உறவு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது; பிறரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவளுடைய மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு நான் கைமாற்றுக் கொடுத்த மாதத்தில் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கடன்பட்டவரால் மனதாரச் சம்மதிக்கவும் முடியாது, மனதார மறுக்கவும் முடியாது. பணம் திரும்பி வந்த பிறகு அவளே பேச்சை எடுத்தாள்.

ஆகவே, உட்கார்ந்தே பழகிய ஒருவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால், உங்களை நன்றாக அறிந்த ஒருவரிடம், அவர் கேட்ட கேள்விக்கு நீங்கள் மழுப்பிய பதிலில் தொடங்குங்கள் என்பேன். கைப்பிரதி கொடுப்பதானால், நின்று பதில் சொல்ல நேரம் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

அவள் இன்றுவரை எங்கள் ஆலயத்துக்குள் வந்ததில்லை. சென்ற மழையில் வெட்டு நின்றிருந்த ஒரு மாலை, திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அக்கா, அந்தச் சங்கீதத்தை இன்னொரு முறை வாசியுங்கள்" என்றாள். தமிழில்தான் வாசித்தேன்.