ஆறு நிற டி.பி.என்.கே. கிட்: பில்ஹார்சியாப் புற்றுநோய் ஆய்வுக்குப் போதுமா?

இரத்தத்திலுள்ள டி, பி, என்.கே. செல்கள் என்னும் மூவகை லிம்போசைட்டுகளை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களை) ஆறு நிறச் சாயங்களால் அடையாளமிட்டு ஒரே குழாயில் எண்ணித் தரும் ஆறு நிற டி.பி.என்.கே. கிட்டை, எகிப்திய மருத்துவத்தின் பழைய கேள்வி ஒன்றை முன்வைத்து இங்கு மதிப்பிடுகிறேன். பில்ஹார்சியா ஒட்டுண்ணியால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் கண்டவர்களிடம் நோயெதிர்ப்பு செல்கள் எந்த அளவில் உள்ளன என்பதே அக்கேள்வி.

செய்முறையில் குறை சொல்ல அதிகமில்லை. எண்ணிக்கை முன்பே தெரிந்த நுண்மணிகள் அடங்கிய குழாயில் 20 மைக்ரோலிட்டர் ரீஏஜென்ட்டையும் (செல்களில் ஒட்டும் சாயக் கலவை), உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. கலந்த 50 மைக்ரோலிட்டர் இரத்தத்தையும் சேர்த்து, 15 நிமிடம் இருட்டில் வைத்து, சிவப்பணுக்களைச் சிதைக்கும் கரைசலை ஊற்றி மேலும் 15 நிமிடம் விட்டால், கழுவாமலேயே ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் எண்ணும் கருவி) ஓட்டிவிடலாம். மணிகளின் எண்ணிக்கையை வைத்தே செல்களின் எண்ணிக்கை கணக்கிடப்படுவதால், இரத்தத்தை அளந்து விடும் கை பிசகினால் முடிவும் அதே அளவுக்குப் பிசகும். லிம்போசைட்டுகளில் இம்மூவகை செல்களின் விழுக்காடுகளைக் கூட்டினால் 100-ஐ ஒட்டி வரவேண்டும் என்பது நம்பகமான உட்சோதனை.

சிக்கல் நோயின் தன்மையில் இருக்கிறது. இந்த பில்ஹார்சியாவை உண்டாக்கும் ஷிஸ்டோசோமா ஹெமட்டோபியம் புழுவின் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் சிக்கிக்கொள்ள, அவற்றைச் சுற்றி ஈசினோஃபில், மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்களும் டி செல்களும் திரண்டு, ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் அந்த அழற்சியிலிருந்தே செதிள் செல் புற்றுநோய் பெரும்பாலும் உருவாகிறது. (இப்புழுவைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-இல் உறுதிசெய்தது.) கிட் காண்பதோ கைச் சிரையில் எடுத்த இரத்தத்தை மட்டுமே. ஒட்டுண்ணி நோயில் முதலில் பார்க்கவேண்டிய ஈசினோஃபில்கள் அதன் கணக்கிலேயே வருவதில்லை. எதிர்ப்பாற்றலை அடக்கும் ஒழுங்குபடுத்து டி செல்களையும் அது தனியே காட்டாமல் சி.டி.4 (உதவி டி செல்களின் அடையாளப் புரதம்) எண்ணிக்கைக்குள் கலந்துவிடுவதால், சி.டி.4 இயல்பாக இருக்கிறது என்ற அறிக்கை இந்நோயாளிகளிடம் ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை என்பது என் கருத்து.

எகிப்தில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பில்ஹார்சியாவுக்கு 1980-கள் வரை போடப்பட்ட ஆன்டிமனி ஊசிகள், சரிவரக் கிருமிநீக்கம் செய்யாத சிரிஞ்சுகளின் வழியே ஹெப்படைட்டிஸ் சி வைரஸையும் பரப்பின. முதிய நோயாளியின் செல் எண்ணிக்கை மாறியிருந்தால், அதற்குக் காரணம் புற்றுநோயா கல்லீரல் பாதிப்பா என்பதை இந்தக் கிட் பிரித்துச் சொல்லாது. ஆரோக்கியமானவர்களோடு மட்டும் ஒப்பிடாமல், புற்றுநோயில்லாத பில்ஹார்சியா நோயாளிகளையும், பில்ஹார்சியா இல்லாத சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளையும் ஒப்பீட்டுக்குச் சேர்ப்பது அவசியம்.

ஒரே நோயாளியை அறுவைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து கவனிக்க இக்கிட்டைத் தயங்காமல் வாங்கலாம். கட்டிக்குள் நடப்பதை அறிய விரும்புவோர், ஒழுங்குபடுத்து டி செல்களை அடையாளங்காட்டும் ஃபாக்ஸ்பி3 ரீஏஜென்ட்டுக்கும் திசுச் சாயமேற்றலுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்கவேண்டும்.