பதிலுக்காகக் காத்துக் கிடக்காத கிளையன்ட்: ஜிஆர்பிசியின் பைத்தான் அசிங்க் லைப்ரரி

மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுவது என் வேலை. கவுண்டரில் நிற்பவர் ஒரு மருந்தின் பெயரைத் தட்டியதும் மூன்று விவரங்கள் திரைக்கு வர வேண்டும்: கடையில் எத்தனை அட்டை இருக்கிறது, விலை என்ன, இங்கே இல்லையென்றால் எந்தக் கிளையில் கிடைக்கும். மூன்றும் வெவ்வேறு சர்வர்களில் இருக்கின்றன. ஒன்றைக் கேட்டு, பதில் வந்த பிறகு அடுத்ததைக் கேட்டால் மூன்றின் நேரமும் கூடிவிடும். மூன்றையும் ஒன்றாகக் கேட்டுவிட்டால், எது ரொம்ப மெதுவோ அதன் நேரம் மட்டுமே ஆகும். கடை வாசலில் காய்ச்சலோடு ஒருவர் நின்றுகொண்டிருக்கும்போது இந்த வித்தியாசம் சின்னது இல்லை. இதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஜிஆர்பிசி பைத்தானின் அசிங்க் கிளையன்ட்; ஜிஆர்பிசி என்பது வேறு கணினியில் இருக்கும் ஃபங்ஷன்களைக் கூப்பிட உதவும் மென்பொருள், கிளையன்ட் என்பது கேட்கும் பக்கம், அசிங்க் என்றால் பதிலுக்காக நிற்காமல் மற்ற வேலையைத் தொடர்வது. கோடில் அதன் பெயர் ஜிஆர்பிசி.ஏஐஓ.

வேறு கணினியில் இருக்கும் ஃபங்ஷனை நம் புரோகிராமுக்குள்ளேயே இருப்பது போலக் கூப்பிடுவதுதான் ரிமோட் புரோசீஜர் கால்; அப்படி ஒரு முறை கூப்பிடுவதைச் சுருக்கமாக ‘கால்’ என்கிறேன். ஜெராக்ஸின் ஆய்வுக்கூடமான பார்க்கில் பிரெல், நெல்சன் இருவரும் 1984-இல் விவரித்த முறையில், கூப்பிட்ட புரோகிராம் பதில் வரும் வரை அப்படியே நிற்கும். நிற்காமல் வேலையைத் தொடர்ந்து, பதிலைப் பிறகு வாங்கிக்கொள்ள ‘பிராமிஸ்’ என்ற வழியை 1988-இல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரிராவும் முன்வைத்தார்கள். கூகுள் தன் உள்வேலைக்கு வைத்திருந்த ஸ்டப்பி என்ற இதே வகை அமைப்பின் அனுபவத்தில் உருவாகி 2015-இல் வெளியே வந்ததுதான் ஜிஆர்பிசி. வெப் பயன்படுத்தும் எச்டிடிபி/2 நெறிமுறை மேல் ஓடுகிறது, தரவைச் சுருக்கி அடுக்கும் புரோட்டோபஃப் வடிவில் பேசுகிறது, விலை கிடையாது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, ஸ்டப்பை (சர்வரில் இருக்கும் ஃபங்ஷன்களுக்கு நம் பக்கம் நிற்கும் பிரதிநிதியை) கூப்பிட்டதும் கையில் கிடைக்கும் ‘கால் ஆப்ஜெக்ட்’. பைத்தானில் சாதாரண கோரூட்டீனை (நடுவில் நின்று பிறகு தொடரக்கூடிய ஃபங்ஷனை) கூப்பிட்டால், ‘முடியும் வரை காத்திரு’ என்று சொல்லும் அவெயிட் போடும் வரை அது அசையாது. இது அப்படி இல்லை. கூப்பிட்ட உடனேயே உள்ளே ஒரு டாஸ்க் உருவாகிவிடுகிறது. வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப்புக்கு அடுத்த வாய்ப்பு கிடைத்ததும் கோரிக்கை கிளம்பிவிடும். அதனால் இருப்பு, விலை, கிளை மூன்றையும் அடுத்தடுத்த வரிகளில் கூப்பிட்டு, அதற்குக் கீழே ஒவ்வொன்றாக அவெயிட் போட்டாலே போதும், மூன்றும் சேர்ந்தே ஓடும். நாங்கள் பல வேலைகளின் பதில்களை ஒன்றாகச் சேர்த்துத் தரும் கேதரைப் பயன்படுத்துகிறோம். அதில் பிழைகளையும் பதிலாகவே திருப்பித் தரச் சொல்லும் வசதி இருப்பதால், விலை சர்வர் படுத்துவிட்டாலும் இருப்பும் கிளையும் திரையில் வந்துவிடும். மருந்து இருக்கிறதா என்பதாவது உடனே தெரியும்.

அந்த ஆப்ஜெக்ட் வெறும் பதில் வாங்கும் சீட்டு மட்டும் அல்ல. எந்த ஸ்டேட்டஸ் கோடு வந்தது, சர்வர் என்ன விவரம் சொன்னது, இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று அதனிடமே கேட்கலாம். நடுவில் கேன்சலும் செய்யலாம். கவுண்டரில் இருப்பவர் ‘பாரா’ என்று தட்டி நிறுத்தி, மனம் மாறி வேறு மருந்தைத் தட்டினால் பழைய தேடல் யாருக்கும் வேண்டாம். கேன்சல் சொன்னால் இந்தப் பக்கம் காத்திருப்பது மட்டும் முடிவதில்லை, செய்தி சர்வர் வரைக்கும் போகிறது. அங்கேயும் அசிங்க் பைத்தான் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் அடுத்த அவெயிட்டில் கேன்சல் பிழையோடு நின்றுவிடும். கேட்டவர் போன பிறகும் சர்வர் வெட்டியாக உழைத்துக்கொண்டிருக்காது.

அடுத்தது டெட்லைன், அதாவது பதில் வந்தாக வேண்டிய கெடு. காலில் டைம்அவுட்டை நொடிகளில் கொடுத்தால் அது கோரிக்கையோடு சேர்ந்தே சர்வருக்குப் போய்விடுகிறது; எவ்வளவு நேரம் மிச்சம் என்று சர்வரும் பார்த்துக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் இதில்தான் என் பெரிய குறையும் இருக்கிறது: நாம் டைம்அவுட் கொடுக்காவிட்டால் டெட்லைனே கிடையாது. பதில் வராத கால் முடிவில்லாமல் காத்திருக்கலாம். கடை கவுண்டர் போன்ற இடத்துக்கு இது சரியான இயல்புநிலை இல்லை என்பதே என் கருத்து. டைம்அவுட் இல்லாத கால் எதையும் எங்கள் கோட் ரிவ்யூவில் விடுவதில்லை.

டெட்லைன் தாண்டிவிட்டது என்ற பிழை வந்தால், வேலை நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பக்கத்துக் கிளையில் இரண்டு அட்டையை ஒதுக்கி வைக்கச் சொல்லும் கால் என்றால், சர்வர் ஒதுக்கி முடித்த பிறகு பதில் மட்டும் தாமதமாகியிருக்கலாம். திரும்பக் கேட்டால் நான்கு அட்டை ஒதுக்கப்பட்டுவிடும். அதனால் எதையாவது மாற்றும் காலுக்கெல்லாம் ஒரு தனி அடையாள எண்ணை நாங்களே வைத்து அனுப்புகிறோம்; அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே கொடுக்கும். இதை லைப்ரரி செய்து தராது, நாம்தான் கட்டிக்கொள்ள வேண்டும். தானாக மறுமுயற்சி செய்யும் வசதி இருக்கிறது. ஆனால் அதற்கான கொள்கையை ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவில் எழுதி சேனலுக்கு (சர்வரோடு பேசும் இணைப்புக்கு) கொடுக்க வேண்டும், எவ்வளவு பெரிய எண்ணை எழுதினாலும் மொத்த முயற்சி 5-ஐத் தாண்டாது. வெறும் தேடல் கால்களுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறோம்.

இணைப்பு அறுந்திருக்கும்போது கூப்பிட்டால் ‘அன்அவெய்லபிள்’ என்று உடனே தோற்றுவிடுவதுதான் இதன் இயல்பு. திரைக்கு அது நல்லது. இரவில் ஓடும் கணக்கு வேலைக்கு நல்லதில்லை. அங்கே ‘வெயிட் ஃபார் ரெடி’ போட்டால் இணைப்பு திரும்பும் வரை பொறுத்திருக்கும். அதோடு டைம்அவுட்டும் கட்டாயம் வேண்டும்.

இன்னும் சில முரண்டுகள் இருக்கின்றன. சேனலை எந்தத் திரெட்டில் (ஒரே புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழையில்) உருவாக்கினோமோ அங்கேதான் பயன்படுத்த வேண்டும். பழைய திரெட் கோடோடு கலந்து எழுதும்போது இது தலைவலி. ஸ்ட்ரீமில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பதில்களை ஃபார் லூப்பில் படிக்கலாம், ரீட் போட்டும் படிக்கலாம், ஆனால் ஒரே காலில் இரண்டையும் கலந்தால் பிழை. வரும் செய்தியின் அளவுக்கு 4 எம்பி வரம்பு. முழு மருந்துப் பட்டியலையும் ஒரே பதிலாக வாங்க நினைப்பவர்கள் இதில் முட்டுவார்கள். வரம்பை உயர்த்துவதை விட ஸ்ட்ரீமாக வாங்குவதே நல்லது. இயல்பாக சேனல் ஒரு சர்வரோடு இணைந்து அதையே பிடித்துக்கொள்ளும்; புதிதாக இரண்டு சர்வர் சேர்த்தாலும் சுமை தானாகப் பிரியாது, சர்வர்களுக்கு முறை வைத்து அனுப்பும் ரவுண்ட் ராபின் என்று சொல்லித்தர வேண்டும்.

மற்ற மொழிகளோடு ஒப்பிட்டால் பைத்தான் எனக்கு இதமாக இருக்கிறது. ஜாவாவில் ஒரே சேவைக்கு பிளாக்கிங், ஃபியூச்சர், அசிங்க் என்று தனித்தனி ஸ்டப்கள் வருகின்றன; ஸ்ட்ரீம் வேண்டுமென்றால் ஃபியூச்சர் ஸ்டப் உதவாது. சி++-இல் பழைய அசிங்க் முறை கம்ப்ளீஷன் கியூ. ஒவ்வொரு காலுக்கும் ஒரு டேக் கொடுத்து, கியூவில் வரிசையாக எடுத்து, எந்த டேக் எந்தக் காலுடையது என்று நாமே கணக்கு வைக்க வேண்டும். கட்டுப்பாடு முழுக்க நம் கையில் இருக்கும், எழுதி முடிப்பதற்குள் கண்ணைக் கட்டும். பின்னால் வந்த கால்பேக் முறை பரவாயில்லை.

யாருக்கு இது? உள்ளே பல சர்வர்கள் பேசிக்கொள்ளும் அமைப்பு, ஏற்கெனவே அசிங்க்ஐஓவில் (பைத்தானோடு வரும் அசிங்க் லைப்ரரியில்) எழுதிய பைத்தான் கோடு, இரண்டும் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். பிரவுசரிலிருந்து நேராகக் கூப்பிட வேண்டும் என்றால் ஒத்துவராது. பிரவுசருக்கான ஜிஆர்பிசி வெப்பும், நடுவில் இருந்து மாற்றிக்கொடுக்கும் ஒரு புராக்ஸியும் தேவைப்படும். ஒரே ஒரு சர்வரிடம் எப்போதாவது ஒன்றைக் கேட்கும் சின்னப் புரோகிராமுக்கு சாதாரண எச்டிடிபியும் ஜேசனும் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஆவணப் பக்கங்களை விட, கிட்ஹப்பில் ஜிஆர்பிசி களஞ்சியத்தின் பைத்தான் எடுத்துக்காட்டுகளை முதலில் திறந்து பாருங்கள். ஹலோவேர்ல்டின் அசிங்க் கிளையன்ட் சில வரிகள்தான். அதை ஓட்டிப் பார்த்ததும் டைம்அவுட், கேன்சல், மறுமுயற்சி, வெயிட் ஃபார் ரெடி எடுத்துக்காட்டுகளுக்குப் போங்கள். அப்புறம் ரூட்கைடு. கேள்வியும் பதிலும் ஒற்றையா, ஸ்ட்ரீமா என்பதைப் பொறுத்து அமையும் நான்கு வகைக் கால்களும் ஒரே இடத்தில் அதில் இருக்கின்றன.