‘அறைச் செபம்’ எண்டு கூப்பிட்டால் போகாதேங்கோ

என் பெரியம்மாவின் காப்புகளும் சங்கிலியும் இப்போது சுன்னாகத்தில் ஒரு அடைவுகடையில் கிடக்கின்றன. அடைவு வைத்த காசு முழுவதும் ஒரு ‘தீர்க்கதரிசி’யின் கைக்குப் போய்விட்டது. முறைப்பாடு நடப்பதால் ஆளின் பெயரைப் போடவில்லை. ஆனால் அதே கூட்டம் அடுத்ததாக வடமராட்சிப் பக்கம் பந்தல் போடப் போகுதாம். நடப்பதை அறிந்து வைத்திருங்கள்.

பெரியம்மாவின் மகன் 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகலில் வைத்துக் காணாமற்போனவர். அண்ணாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு பெரியம்மா ஏறாத ஆணைக்குழு இல்லை. காணாமற்போனோர் அலுவலகத்துக்கும் கோப்புக் கொடுத்தாயிற்று. அப்படிப்பட்ட தாயிடம் “உங்கட பிள்ளை உயிரோடை இருக்கிறான்” என்று ஒருவர் சொன்னால் என்ன நடக்கும்?

அந்த ஆளின் செபக் கூட்டத்துக்குள் போகமுன் வாசலில் செப விண்ணப்பப் படிவம் ஒன்று தருவார்கள். பெரியம்மாவைக் கூட்டிவரப் போன அன்று நானும் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். பெயர், போன் நம்பர், வருத்தம் என்ன என்பதெல்லாம் சரி. ‘வெளிநாட்டில் உறவினர் உண்டா, எந்த நாடு’, ‘சொந்த வீடா, வாடகையா’ என்றும் கேட்டிருந்தது. கர்த்தருக்கு அந்த விபரம் எதுக்கு? படிவம் நிரப்ப உதவி செய்கிற சகோதரி பக்கத்தில் பாயில் இருந்து, தேத்தண்ணி தந்து, ஆறுதலாகக் கதை கேட்பார். பெரியம்மா அவரிடம் அண்ணாவின் புருவத் தழும்புவரை சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மேடையில் நின்றவர் கண்ணை மூடிக்கொண்டு, “ஒரு வாலிபனைக் காண்கிறேன், இடது புருவத்தில் தழும்பு” என்றாராம். எங்கே இருக்கிறான் என்று கேட்டதற்கு, “தெற்கே, மலையும் தண்ணியும் உள்ள இடம்” என்று பதில். தெற்கில் மலையும் தண்ணியும் இல்லாத ஊரைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.

பிறகுதான் ‘அறைச் செபம்’. மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் அவரைத் தனியே சந்திக்கலாம், ஆனால் விதைக் காணிக்கை, அதாவது ஆசீர்வாதம் விளையும் என்று நம்பி முன்கூட்டியே கொடுக்கிற காசு, இல்லாமல் கதவு திறக்காது. முதலில் பத்தாயிரம். அடுத்த முறை, “சிறைக்கதவு பாதி திறந்திட்டுது, மிச்சத்துக்குப் பெரிய விதை வேணும்.” காப்பு போனது அப்போதுதான். பற்றுச்சீட்டு கிடையாது. சொந்தச் சபைப் போதகருக்குச் சொல்லவே கூடாது, சொன்னால் ஆசீர்வாதம் கலைந்துவிடுமாம்.

ஆளின் பட்டமும் ஏறிக்கொண்டே போனது. ஊழியர், தீர்க்கதரிசி, பிறகு எல்லோருக்கும் ‘அப்பா’. கடைசியில் வீட்டுக்கு வந்த எண்ணெய்ப் போத்தலில் அவருடைய படம். செபம் முடிக்கையில் இயேசுவின் நாமத்தோடு அவர் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள். “கர்த்தர் இப்ப இந்தச் சரீரத்திலைதான் நடக்கிறார்” என்று அந்தச் சகோதரி சொன்னாவாம்.

ஒலிவ மலையில் இயேசு சீஷருக்குச் சொன்னது மத்தேயு 24இல் இருக்கிறது. அநேகர் வந்து ‘நானே கிறிஸ்து’ என்று வஞ்சிப்பார்கள் என்று தொடங்கி, “இதோ, அறைவீட்டிற்குள் இருக்கிறார் என்று சொல்வார்களானால், நம்பாதிருங்கள்” என்கிறார். தம்முடைய வருகை ஒளித்துமறைத்து நடக்காது, கிழக்கில் தோன்றி மேற்குவரை தெரிகிற மின்னலைப்போல இருக்கும் என்பது அடுத்த வசனம். காசு கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிற கிறிஸ்து அந்த அதிகாரத்தில் இல்லை.

எங்கள் சொந்தத்திலேயே சிலர், “தழும்பைச் சரியாச் சொன்னவர்தானே” என்கிறார்கள். அந்தச் சகோதரியின் தேத்தண்ணியை விடுங்கள், உண்மையிலேயே தரிசனம் என்றே வைத்துக்கொள்வோம். உபாகமம் 13இன்படி, ஒருவன் சொன்ன அடையாளம் அப்படியே நடந்தாலும், அவன் உன்னை வேறு தேவனிடம் இழுத்தால் கேட்காதே. கள்ளத்தீர்க்கதரிசிகள் பெரிய அற்புதங்களையே செய்வார்கள் என்று இயேசுவும் சொல்லியிருக்கிறார். ஆகவே சொன்னது பலித்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அகப்பட்டுப்போவீர்கள். யாரிடம் இழுக்கிறான் என்று பாருங்கள்.

கேள்வி கேட்டால் உடனே “அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்று வாயை அடைப்பார்கள். அது 105ஆம் சங்கீதம். இடம்விட்டு இடம் அலைந்த ஆபிரகாம் குடும்பத்தைத் தொடவேண்டாம் என்று தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டதைச் சொல்கிற இடம். அதில் கேள்வி கேட்பதற்கு ஒரு தடையும் இல்லை. பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17 அவர்களைப் புகழ்கிறது.

காசு விஷயத்தில் ஆதிச்சபை இன்னும் கறார். ‘டிடாக்கே’ என்ற பழைய சபை ஒழுங்குநூல், ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குக் காசு கேட்கிறவன் சொல்லைக் கேட்காதே என்கிறது. இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனை நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் சொல்கிறது. இந்த ஆள் சபைக்கு வந்த ஏழைகளுக்கு ஒரு பாண் துண்டாவது வாங்கிக் கொடுத்ததை யாரும் கண்டதில்லை.

‘அப்பா’ என்று கூப்பிடுவதில் என்ன இருக்கிறது என்பவர்கள் 1978ஐ நினைக்கவேண்டும். அமெரிக்காவில் ஒரு சபையை நடத்தி, பிறகு ஆட்களைக் கயானாவுக்குக் கூட்டிப்போன ஜிம் ஜோன்ஸையும் அவருடைய ஆட்கள் அப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே அவர் கட்டளையால் ஒரே நாளில் 900க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் நஞ்சால், செத்துப்போனார்கள், அதில் குழந்தைகள் எத்தனையோ.

பொலிசில் முதலில், “நீங்களாக் குடுத்த காணிக்கைதானே” என்றார்கள். முறைப்பாடு எடுபட்டதற்குக் காரணம், அடைவுத் துண்டில் இருந்த திகதியும், அந்தச் சகோதரியின் சொந்தக் கணக்குக்குக் காசு போட்ட வங்கித் துண்டும்தான். அவற்றை எறியாதேங்கோ. வட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை உடனே வேறொரு போனுக்கு மாற்றி வையுங்கோ. நாங்கள் முறைப்பாடு கொடுத்த அன்றிரவே அவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.