காலையில் மட்டும் கிராஷ் ஆன டெஸ்க்டாப்: எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்றிய பிறகு என் அனுபவம்

வீட்டில் பல வருடங்களாக ஓடுவது அசெம்பிள் செய்த டெஸ்க்டாப். டிடிபி வேலை என்பதால் பகல் முழுக்க ஓய்வே இருக்காது. திடீரென்று ஒரு பிரச்சினை ஆரம்பித்தது. காலையில் ஆன் செய்தால் விண்டோஸ் லோகோ வரும், கீழே புள்ளிகள் சுற்றும், அதற்குள் பொட்டென்று அணைந்து தானாகவே மறுபடி கிளம்பும். சில தடவை இப்படி ஆனதும் ஆட்டோமேட்டிக் ரிப்பேர் திரை வந்து நிற்கும். ஒருவழியாக உள்ளே போய்விட்டால் இரவு வரை தொந்தரவே இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தாலும் ஒழுங்காக வரும்.

சர்வீஸுக்கு வந்தவர் விண்டோஸை ஃபார்மேட் செய்து கொடுத்தார். மறுபடியும் அதே கதை. அடுத்து மதர்போர்டு போயிருக்கும் என்றார். அதற்குச் செலவு செய்யும் முன் நானே பார்க்க உட்கார்ந்தேன்.

ரீஸ்டார்ட்டில் வராத கோளாறு, ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் மட்டும் வருகிறதென்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 முதல் இந்த வசதி உண்டு. இது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் முழுசாக மூடப்படாது. அதன் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுக்கப்படும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அதை ஆஃப் செய்தேன். கிராஷ் நிற்கவில்லை. ஆனால் சந்தேகம் ஹார்டுவேர் பக்கம் திரும்பியது.

விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு வரிசையாக இருந்தது. கணினி சரியாக மூடப்படாமல் திரும்பக் கிளம்பியது என்பதைத் தவிர அந்த 41 வேறெதுவும் சொல்லாது. அதன் விவரத்துக்குள், நீலத்திரைப் பிழையின் எண்ணான பக்செக்கோட் எவ்வளவு என்று பாருங்கள். எனக்கு 0. கிராஷ் விவரங்கள் சேமிக்கப்படும் மினிடம்ப் ஃபோல்டரும் காலி. நீலத்திரை போடக்கூட அவகாசமில்லாமல் அணைந்திருக்கிறது என்றால் பவர் சப்ளையைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரேமைக் கழற்றி அழிரப்பரால் துடைத்து மாட்டி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ம் ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் கெபாசிட்டர்கள் வருடக்கணக்கில் சூடாகி உலர்ந்துபோகும். குளிர்ந்திருக்கும்போது அவற்றின் நிலை இன்னும் மோசம், கொஞ்சம் சூடேறினால் தேறிவிடும். மார்கழியில் எனக்குத் தொல்லை கூடியதும் இதனால்தான். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். பயாஸ் (மதர்போர்டின் செட்டிங் திரை) காட்டும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். பூட் ஆகும்போது பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் திடீரென்று கரண்ட் இழுக்கும் அந்த நொடியின் சரிவு அதில் தெரியாது. நல்ல நிலையில் இருக்கும் வேறொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. நண்பரிடமிருந்து ஒன்று இரவல் வாங்கி மாட்டினேன், காலையில் முதல் தடவையே டெஸ்க்டாப் வந்தது.

இரண்டு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான சார்ஜ் தங்கியிருக்கும். மாடுலர் வகை (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் பழைய கேபிளைப் புதியதில் செருகாதீர்கள். கேபிள் முனையின் பின் அமைப்பு மாறியிருக்கலாம், ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடக்கூடும்.

பிறகு நான் புதிதாக வாங்கியது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ். அந்த முத்திரை மின்சார விரயம் எவ்வளவு குறைவு என்பதற்கு மட்டும்தான். எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு வாரண்டி காலத்தைப் பார்த்தேன். மாற்றிய பிறகு மார்கழிக் குளிரும் வந்து போய்விட்டது, 41 பதிவு ஒன்றுகூட இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை மட்டும் இன்னும் ஆஃபிலேயே வைத்திருக்கிறேன். எஸ்எஸ்டி இருப்பதால் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.